இடிந்த கோட்டையிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: புனித டேவிட் கோட்டை (இடிந்த நிலையில்), தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்: ஒன்றிய உள்துறை அமைச்சகம், புது தில்லி.

நகல்: மாவட்ட ஆட்சியர், கடலூர். (திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கத்தான் ஆசை. சுவர் வரிசையில் நிற்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை.)

பொருள்: பாதுகாப்பு ஆணை வந்த வீட்டில் மாட்டியிருக்கும் துப்பாக்கி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மனுதாரர் வெடிமருந்து விவகாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் இந்தக் கோட்டையைக் கிரயம் பேசியபோது, இங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று முடிவானது. சுட்டார்கள், ஊர்கள் கைமாறின. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் கதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குண்டு விழுந்த தூரத்துக்குள் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். இப்போது மனுதாரருக்கு வேலை இல்லை. சட்டப் புத்தகம் படித்துப் பொழுது போகிறது.

படித்ததில் முதலில் பிடித்துப்போனது, தேர்தல் காலத்தில் அரசுக்கு வரும் சுறுசுறுப்பு. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பானது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. அப்படி அமலானதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது மாவட்ட நிர்வாகங்களின் வழக்கம். காட்டுப்பன்றி விரட்ட ஒற்றைக்குழல் வாங்கிய விவசாயி, அதைப் பழைய வேட்டியில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவார். ரைட்டர் நம்பரைப் பார்த்து எழுதி, குழலில் அட்டை கட்டி, ரசீது கொடுப்பார். வங்கிக் காவலாளி போன்ற சிலருக்குத்தான் விலக்கு. யாரிடம் கட்டாயம் வாங்க வேண்டும் என்பதற்குத் தேர்தல் ஆணையம் உதாரணமும் சொல்லியிருக்கிறது: ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சிக்கியவர்.

வாக்குப்பெட்டிக்கு இவ்வளவு மரியாதை. சமையற்கட்டுக்கு?

1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, யார் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை கூடாது. அமைதி காப்பேன், ஒழுங்காக நடப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதித் தரும்படி உத்தரவு பெற்றவர், பத்திரக் காலம் முடியும்வரை கூடாது. அதாவது தேர் எந்தத் தெருவில் திரும்புவது என்ற தகராறில் கோட்டாட்சியர் முன் பத்திரம் எழுதிக் கொடுத்தவரிடம் துப்பாக்கி இருக்க முடியாது. ஆனால் மனைவியை இனி அடிக்கக் கூடாது என்று குற்றவியல் நடுவர் மன்றமே, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு ஆணை போட்ட ஆசாமி? பட்டியலில் அவர் இல்லை. அந்த ஆணை உரிமையியல் தன்மை கொண்டதாம், தண்டனை அல்லவாம். அவர் அதை மீறி, மீறியது நிரூபணமாகி, தண்டனையும் வந்த பிறகுதான் 9-ஆம் பிரிவுக்குக் கண் தெரியும். துப்பாக்கி உள்ள வீட்டில் ‘மீறல்’ என்றால் என்ன என்பதை மனுதாரர் விளக்கத் தேவையில்லை.

2005-இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்தபோது, எஞ்சியிருக்கும் நாலு செங்கல்லும் சிரித்தன. ஆணையின் நகலை இலவசமாக யார் யாருக்குத் தர வேண்டும் என்று அது சொல்கிறது: இரு தரப்புக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், சேவை நிறுவனத்துக்கும். துப்பாக்கி உரிமம் கொடுத்த ஆட்சியரின் பெயர் இல்லை. படைக்கலச் சட்டத்தின் 2019 திருத்தம் உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியிருப்பதால், அடுத்த புதுப்பித்தல் வரை ஆட்சியர் அலுவலகம் நிம்மதியாக எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

சரி, தெரியவந்தால்? படைக்கலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு: உதாரணமாக, பொது அமைதிக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ அவசியம் என்று அவர் கருதினால். ‘பொது’ என்றால் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, வெள்ளிக் கடற்கரை. படுக்கையறை அதில் சேருமா என்று வக்கீல் எழுந்து கேட்பார். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டுமே உரிமத்தை ரத்து செய்யப் போதாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புகளையும் அடுக்குவார்.

நியாயமாக, ஒரு நல்ல விதியையும் சொல்லிவிட வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வந்த 2006-ஆம் ஆண்டு விதிகளில் 10-ஆவது, குடும்ப வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைப் பறிமுதல் செய்யப் பாதுகாப்பு அலுவலர் காவல்துறை உதவியை நாடலாம் என்கிறது. நடுவர் எழுத்துமூலம் சொன்னால் மட்டும். ஆணியில் தொங்கியபடியே ஒரு பெண்ணை வாய் திறக்காமல் வைத்திருக்கும் துப்பாக்கி ‘சம்பந்தப்பட்டதா’ என்று அப்போதும் ஒரு கேள்வி வரும்.

“நம்மூரில் அரிவாள்தானே, துப்பாக்கி எத்தனை பேரிடம் இருக்கிறது?” என்று அமைச்சகம் கேட்கலாம். நல்லது. கொஞ்சம் பேரிடம்தான் என்றால் வேலையும் கொஞ்சம்தான்.

இந்த வேலையை மற்ற நாடுகள் செய்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதமே எல்லா மாநிலங்களும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கடந்த 5 ஆண்டுக்குள் குடும்ப வன்முறை ஆணைக்கு ஆளாகியிருப்பது, உரிமம் மறுக்கவும் இருப்பதை ரத்து செய்யவும் காரணம் என்பது அதில் ஒன்று. கனடாவில் துப்பாக்கி உரிம விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையெழுத்து கேட்கிறார்கள். அது இல்லையென்றால் அவருக்குத் தகவல் போகிறது. இங்கே மனைவி குழுக்கடன் வாங்கப் போனால் கணவனின் ஆதார் கேட்கிறார்கள்.

துப்பாக்கியைக் குலதெய்வமாகக் கும்பிடும் அமெரிக்காவில்கூட, டெக்ஸாஸ்காரர் ரஹிமியின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. காதலியைத் தாக்கியதற்காக 2020-இல் அவர்மீது தடையாணை. பிறகு போலீஸ் சோதனை போட்டபோது வீட்டில் துப்பாக்கிகளும் இருந்தன, அந்த ஆணையின் நகலும் இருந்தது. பழங்காலத்தில் இப்படித் தடை ஏதும் இல்லையே என்று கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம், துப்பாக்கி வைத்திருந்ததற்காக அவருக்குக் கிடைத்த தண்டனையை ரத்து செய்தது. மனுதாரர் அந்தக் காலத்து ஆள். ராபர்ட் கிளைவ் துணை ஆளுநராக இங்கே வந்த 1756-இல், புருஷன் அடிக்கிறான் என்று மனுவோடு வரும் பெண்ணுக்கு யாரும் நாற்காலி போட்டுக் காத்திருக்கவில்லை. ஆனாலும் 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில், ஆபத்தான ஆளிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்கலாம் என்றது.

ஆகவே, 9-ஆம் பிரிவின் பட்டியலில் பாதுகாப்பு ஆணையையும், 24-ஆம் பிரிவின் முகவரிகளில் உரிமம் வழங்கும் அதிகாரியையும் சேர்க்குமாறு வேண்டப்படுகிறது. அதுவரை, ஆணை வந்த அன்றே துப்பாக்கியை வாங்கி அட்டை கட்டி ரசீது கொடுக்கலாம். ரைட்டருக்குக் கைப்பழக்கம் இருக்கிறது.

மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு தேவை. ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதில் மட்டும் வேண்டாம். ஒரு சட்டம் உள்துறையுடையது, மற்றது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துடையது. இரண்டும் இந்த மனுவை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
மனுதாரர்