கூச்சத்தின் நீளம் 300 மில்லிமீட்டர்

சீர்காழியில் ஞாயிற்றுக்கிழமைக் கேமராக்காரர் ஒருவர் உண்டு. படம் காட்டுங்கள் என்றால் முதலில் லென்ஸைக் காட்டுவார். டெல்டா ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் துவரம்பருப்புக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

அவருடைய பெருமை, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் 70-300 மில்லிமீட்டர் ஜூம். கொக்கு எடுக்க வாங்கியதாக வீட்டில் சொல்லியிருந்தார். டிராக்டர் சேற்றுழவு ஓட்டும்போது கொக்குகள் சக்கரத்தை ஒட்டியே நடக்கும் என்பது சீர்காழியில் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு எதற்கு 300 என்று யாரும் கேட்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஒருநாள் கேட்டாள். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். அவள் மொத்தப் படங்களையும் கணினியில் வரிசைப்படுத்தினாள். பெரும்பாலானவை 300. சித்திரை மாதத் திருமுலைப்பால் உற்சவத்திலும், பிரம்ம தீர்த்தக் கரையில் தெரிந்தவை முதுகுகளும் கொண்டைகளும் மட்டுமே.

“ஏம்ப்பா, ஊர்ல எல்லாரும் உங்கமேல கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டாங்களா?”

வாங்கியது கொக்குக்கு இல்லை, கூச்சத்துக்கு என்று அப்போதுதான் வெளிவந்தது.

கூச்சம் பெரிய ஆட்களுக்கும் உண்டு. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸிலேயே காலம் தள்ளியவர். தன்னை யாராவது படமெடுத்தால் அவருக்குப் பிடிக்காது. லைக்காவின் பளபளப்பு கண்ணில் படாதிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார். கூச்சம் இருந்தும் கிட்டப் போனார். 50 வேறு வழி விடாது. அவருக்கும் முன்னால் 1858இல், மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மூட்டை முடிச்சுகளோடு தஞ்சாவூருக்கு வந்தார். ராணுவ அதிகாரி, எதையும் விடாமல் வரிசையாகப் பதியும் கை. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு நீட்டினார். இன்னொருவராக இருந்தால் கோபுரத்தை எடுத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்.

நம் காலத்து ஆள் என்றால் மதுரைப் பக்கத்து எம். பழனிக்குமார். அம்மா மீன் வியாபாரி. அந்த அம்மாவையே, அந்த வேலையையே எடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்தார். 2022இல் முதல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான். யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தவருக்குக் கேமராவின் மாடல் எண் அவ்வளவு முக்கியமில்லை என்பது இந்தக் கட்டுரைக்காரரின் கட்சி. கேமரா கடைக்காரர்கள் மன்னிக்க.

மகள் 18-55 லென்ஸை 35இல் நிறுத்தி, கரண்டு வேலைக்கு வாங்கிய டேப்பைச் சுற்றி ஒட்டினாள். சின்ன சென்சார் கேமராவில் அது ஏறக்குறைய பழைய 50 மாதிரி. “இனிமே நீங்கதான் நடக்கணும்” என்றாள்.

சம்பா நடவு வயல். வரப்பில் ஏறிக் கேமராவைத் தூக்கியதும் நாற்று முடியோடு ஒரு பெண் நிமிர்ந்தார். “சார், இன்சூரன்ஸா?”

பாவம், அவர்மேல் தப்பில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி வயலெல்லாம் முழுகியதிலிருந்து, வரப்பில் கேமரா தெரிந்தால் கணக்கெடுப்பு என்றுதான் நினைப்பார்கள். இல்லைம்மா என்று சொல்லியும் விடவில்லை. போன தடவை யாருக்குப் பணம் ஏறியது, யாருக்கு ஏறவில்லை, யார் வயலைப் பார்க்காமலேயே எழுதிக்கொண்டு போனார்கள் என்று முழு விசாரணை. கேட்டுக்கொண்டே எடுத்ததில் முகங்கள் விழுந்தன: கோபம், சிரிப்பு, வெற்றிலை வாய்.

படத்தைக் கொண்டுவந்து கொடுக்கணும் என்று உத்தரவு. லென்ஸுக்குப் போன காசு இப்போது பிரிண்ட் போடப் போகிறது. முதல் கட்டைப் பிரித்தபோது, கேமராவைப் பார்த்து விரல் நீட்டி நியாயம் கேட்டிருந்த பாட்டி தன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெரலு நல்லா விழுந்திருக்கு தம்பி. மூஞ்சிய எப்ப எடுப்பீங்க?”