குட்டி அடுப்படி, பெரிய ஆசை

பிள்ளைகள் விளையாட ஐகியா ‘டுக்டிக்’ என்றொரு குட்டிச் சமையலறை விற்கிறது. கால்களை மூன்று உயரங்களில் பொருத்தலாம். பிள்ளை வளர வளர மேடையும் வளரும். பேட்டரி போட்டால் அடுப்பு ஒளிரும். வடிவமைப்பாளர்கள் யோசித்தது அவ்வளவுதான். பெற்றோர் விடுவார்களா? மரநிறம் பிடிக்கவில்லையென்று சாம்பல் பெயின்ட், குழாய்க்குத் தங்கப்பூச்சு, பின்சுவருக்குப் பளிங்கு ஸ்டிக்கர். சொந்தச் சமையலறையில் கட்டுப்படியாகாத ஆசையெல்லாம் இங்கே தீர்கிறது. பெயின்ட் காயும்வரை பிள்ளை கிட்டே வரக்கூடாது. காய்ந்தபிறகு போட்டோ எடுக்கும்வரை.

ஆனால் விளையாட்டுக்கு அலங்காரமா முக்கியம்? இடம் மாற்றி அடுக்கக்கூடிய உதிரிப் பொருள்கள் கூடக்கூடக் கற்பனை பெருகும் என்று சைமன் நிக்கல்சன் என்பவர் 1971இல் கட்டுரை எழுதினார். நம்மூர்ச் செப்புச் சாமானில் இருப்பதே உதிரிதான். அடுப்பை எந்த மூலையிலும் வைக்கலாம், மணல் சோறாகும், பூவரச இலை அப்பளமாகும். வடிவமைப்பாளருக்கு வேலையே வைக்காத பொருள்; விருதுக்கு யார் பரிந்துரைப்பார்கள்?

சரி, புதுப்பித்த டுக்டிக்கில் இன்று என்ன சமையல்? டிவி ரிமோட். மைக்ரோவேவில் வெந்துகொண்டிருக்கிறது, அப்பா வீடு முழுக்கத் தேடுகிறார்.