பின்வரிசைக்கு வந்த வெளிச்சம்

மெட்ராஸ் சபாக்களில் 1980களில் எடுத்த கச்சேரிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கர்நாடக சங்கீதத்தில் தம்புரா என்று ஒரு வாத்தியம் உண்டா என்றே சந்தேகம் வரும். நடுவில் பாடகர் இருப்பார். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். பாடகரின் தோளுக்குப் பின்னால் கரேலென்று ஒரு பரப்பு. சில படங்களில் அந்தக் கறுப்பிலிருந்து தம்புராவின் தண்டி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்திருக்கும் கையும் தெரியாது, முகமும் தெரியாது. அந்த இடத்தில் ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பல்லவி முடிந்து மங்களம் பாடும்வரை சுருதியை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தார். படம் எடுத்த எனக்கு அவர் அங்கே இருந்தது தெரியும். ஃபிலிமுக்குத் தெரியவில்லை.

யாரும் வேண்டுமென்று அவரை ஒதுக்கவில்லை. ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். ஒரு படிகத்தில் ஒளி பட்ட தடம் நிலைக்க வேண்டுமானால் நாலைந்து ஃபோட்டான்களாவது அடுத்தடுத்து அதன்மேல் விழ வேண்டும். ஒன்று மட்டும் விழுந்து அடுத்தது வரத் தாமதமானால் அந்தத் தடம் அழிந்துவிடும். அதன்பிறகு டெவலப்பரில் எவ்வளவு நேரம் போட்டாலும் அது வராது. மேடை விளக்கு பாடகரின் நெற்றிக்கு நேராக இருந்தது. பின்னால் இருப்பவருக்குக் கிடைத்ததோ மேடைப் பலகையிலும் பாடகரின் பட்டு அங்கவஸ்திரத்திலும் பட்டுச் சிதறிய மிச்சம்தான். ஃபிலிமின் கணக்கில் அந்த மிச்சம் சேரவே இல்லை.

எங்களுக்குக் கிடைத்த ஃபிலிமின் வேகம் 400 ஏ.எஸ்.ஏ. கோடக் ட்ரை-எக்ஸ், இல்ஃபோர்ட் ஹெச்.பி.5, கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ என்.பி.27 ஆகியவைதான் புழக்கத்தில் இருந்தன. வெளிநாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் பர்மா பஜாரில் விலை பேச வேண்டும். கட்டுப்படியாகாதவர்கள் நூறடிச் சுருளாக வாங்கி, இருட்டுப் பைக்குள் கையை விட்டு, பழைய கேசட்டுகளில் தாங்களே சுற்றிக்கொள்வார்கள். நூறடிக்குப் பதினெட்டு ரோல் வரை தேறும். அந்த 400ஐ அப்படியே வைத்துக்கொண்டு சபா மேடைக்கு மீட்டர் பார்த்தால், எஃப் 2.8க்கு 1/15 விநாடி காட்டும். ஸ்வரம் பாடுகிறவரை 1/15ல் எடுத்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் கிடைக்கும். அதனால் புஷ் பண்ணுவோம். 400 ஃபிலிமை 1600 என்று வைத்துக்கொண்டு 1/60ல் எடுத்துவிட்டு, கழுவும்போது நேரத்தைக் கூட்டுவோம்.

புஷ் பண்ணுவதில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஃபிலிமுக்குப் போக வேண்டிய ஒளியில் கால் பங்குதான் போகிறது. கழுவும் நேரத்தைக் கூட்டினால், ஏற்கெனவே ஒளி விழுந்த நெற்றியும் கன்னமும் வெள்ளை வேட்டியும் இன்னும் அடர்த்தியாகும். ஒன்றும் விழாத இடம் ஒன்றுமில்லாமலேயே இருக்கும். இருப்பவருக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடு அது. பாடகரின் முகத்தில் ரவையைத் தூவிய மாதிரி கிரெய்ன் நின்று, பின்னணி முழுக் கறுப்பாகி, படத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். அந்தக் கம்பீரத்துக்கான விலையைப் பின்வரிசை கொடுத்தது.

மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், ஃபிலிம் கழுவும் நாளில் காலையிலேயே ஐஸ் வாங்கி வைத்துவிடுவார். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். நம்மூர் குழாய்த் தண்ணீர் மார்கழியிலும் அதற்கு இறங்காது. அகலமான அலுமினியப் பேசினில் ஐஸ் தண்ணீர், அதற்குள் டெவலப்பர் பாட்டில், பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர். 20 வந்ததும் டேங்கில் ஊற்றி, அரை நிமிஷத்துக்கொரு தரம் கவிழ்த்து நிமிர்த்துவார். அப்போதெல்லாம் முந்தைய நாள் கச்சேரியின் கிருதியைத்தான் முணுமுணுப்பார். கடிகாரம் பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் கடைசி நிமிஷத்தைச் சரணத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்.

“பாட்டு தெரியாதவனுக்கு இந்த இருட்டுல படம் விழாது தம்பி” என்று அவர் சொன்னது தொழில்நுட்பம். பாடகர் மேல் ஷட்ஜத்தைப் பிடித்துக் கார்வை கொடுக்கும்போது முகவாய் உயர்ந்து, கண் மூடி, முகம் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ அசையாமல் நிற்கும். 1/30 தாராளமாகப் போதும். வயலினில் வில் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறது. மிருதங்கக்காரரின் வலது கை அடிக்கு முன்னால் மேலே போய் நிற்கும் உச்சியும் அப்படித்தான். ராகமும் தாளமும் ஓரளவாவது உள்ளே ஓடினால்தான் அந்த நிறுத்தங்கள் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், விரலும் தயாராக இருக்கும். ஆலாபனை நடக்கும்போது ஷட்டரைத் தொடக் கூடாது. நிக்கான் எஃப்.எம்.2வின் சத்தம் மூன்றாவது வரிசைவரை கேட்கும். ஃபிளாஷுக்கு அனுமதியே கிடையாது. நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் 1948ல் ஹெர்மன் லெனார்ட் எடுத்த டெக்ஸ்டர் கார்டன் படத்தை, அதிலிருக்கும் சிகரெட் புகையை, உலகமே கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டிய படம்தான். ஆனால் அவர் தன் விளக்குகளைத் தானே வைத்துக்கொண்டு எடுத்தார். அங்கே இருட்டு அவர் தேர்ந்தெடுத்தது. எங்களுக்கு அது வாய்த்தது.

36 படம் கொண்ட ஒரு ரோலில் முக்கால்வாசி பாடகருக்கே போகும். சபா மலருக்கோ பத்திரிகைக்கோ கேட்பது அவர் படத்தைத்தான். மிச்சத்தில் வயலினும் மிருதங்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். கடத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். கஞ்சிராவும் முகர்சிங்கும் தனி ஆவர்த்தனத்தில் ஒரு முழுப்படத்தின் ஓரத்தில் வந்தால் உண்டு.

டிஜிட்டல் வந்தவுடனே இதெல்லாம் மாறிவிடவில்லை. 1999ல் வந்த நிக்கான் டி1 மூன்று மெகாபிக்ஸல்கூட இல்லாத கேமரா. அதை 1600க்கு ஏற்றினால் நிழல்களில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி மொய்க்கும். அந்த வருஷங்களில் கச்சேரிக்கு ஃபிலிமே மேல் என்று நானும் வாதாடியிருக்கிறேன். அப்போது அது உண்மையும்கூட. 2007ல் நிக்கான் டி3 வந்தபோதுதான் கணக்கு தலைகீழானது. அதில் 6400 என்பது கடைசி வாய்ப்பாக வைத்த எண் அல்ல, தைரியமாக வேலை செய்யக்கூடிய வேகம். அதே மேடை, அதே விளக்கு, அதே எஃப் 2.8. ஆனால் 1/60 இருந்த இடத்தில் 1/250. கஞ்சிராக்காரர் சுருதி இறங்குவதற்காகத் தோலில் தண்ணீர் தெளிக்கும்போது விரல் நுனியிலிருந்து கிளம்பும் துளி, துளியாகவே படத்தில் நின்றது.

வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சென்சாருக்கு அந்த நாலைந்து ஃபோட்டான் நிபந்தனை கிடையாது. மேலே விழும் ஒளியில் கணிசமான பங்கை அது எண்ணிக்கொள்கிறது. ஒன்றே ஒன்று விழுந்தாலும் அதை மின்னூட்டமாக்கி வைத்துக்கொள்கிறது. நிழலில் கிடப்பது புள்ளி இரைச்சலோடு (நாய்ஸ்) கிடக்கலாம், ஆனால் கிடக்கிறது. தி.நகரில் ஒரு மாலைக் கச்சேரியை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை மெல்ல ஏற்றியபோது, பாடகியின் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். நடுவிரல் பஞ்சமத் தந்தியில் இருக்கிறது. தலை தம்புராத் தண்டியின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. உதடு அசைந்த நிலையில் இருக்கிறது. பாடகியின் சிஷ்யையாக இருக்க வேண்டும். குரு பாடும் சங்கதியைச் சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருக்கிறாள். அடுத்தடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள், எல்லாவற்றிலும் பாடிக்கொண்டிருந்தாள். கர்நாடக சங்கீதம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி அந்தப் பின்வரிசைதான். அதை என் படங்களில் முதல்முறையாகப் பார்த்தேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, தெரிந்தவர்கள் பலரும் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நனைந்த நெகட்டிவைக் காயவிடாமல் நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நனைந்த ஹார்ட் டிஸ்க் அநேகமாகப் போனதுதான். அந்தச் சமயத்தில் ஒரு அம்மா போன் செய்தார். அவருடைய தாயார், பெயர் பெற்ற ஒரு பாடகிக்குப் பின்னால் பல வருஷம் தம்புரா மீட்டியவர். வீட்டில் இருந்த ஒரே படமும் வெள்ளத்தில் போய்விட்டது.

“நீங்க அந்தக் கச்சேரியெல்லாம் எடுத்திருக்கீங்கன்னு சொன்னாங்க சார். அம்மா அதுல எங்கயாவது இருப்பாங்களா?”

பழைய கச்சேரிகளின் நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, இருட்டு இருந்த இடம் வெளுப்பாகத் தெரியும். பாடகிக்குப் பின்னால் வெளிச்சம் தடையில்லாமல் வரும் வெற்று ஃபிலிம். ஸ்கேனரில் போட்டுப் பார்த்தாலும் அதில் எடுப்பதற்கு எதுவும் இல்லை. கடைசியில் அவருடைய தாயாரைக் கண்டுபிடித்தது திருவையாறு ஆராதனை ரோல் ஒன்றில். அங்கே பந்தலில் பகலில் பாடுவார்கள். பக்கவாட்டில் காவிரிக்கரை வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். 400 ஃபிலிமை 400ஆகவே வைத்து எடுத்திருந்தேன். பாடகிக்குப் பின்னால், மூக்குத்தி தெரியும் அளவுக்குத் தெளிவாக அவர் இருந்தார். பெரிதாக பிரிண்ட் போட்டு அனுப்பிவைத்தேன்.

ஃபிலிமுக்கு ஆன்மா உண்டு, டிஜிட்டலுக்கு இல்லை என்று இன்றைக்கு இளைஞர்கள் சொல்வதைக் கேட்கிறேன். ட்ரை-எக்ஸ் கிரெய்னுக்காகத் தேடி அலைகிறார்கள். 2012ல் நின்றுபோன கோடக்கின் 3200 ஃபிலிம் 2018ல் திரும்பி வந்ததையும் கொண்டாடினார்கள். அவர்கள் ரசனையை நான் மறுக்கவில்லை, எனக்கும் அந்த முகங்கள் பிடிக்கும். ஆனால் சபா மேடையைப் பொறுத்தவரை டிஜிட்டல்தான் நியாயமான கருவி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் மேடையைப் பற்றித்தான். பின்வரிசையைப் பார்க்கக் கேமரா பழகிய இதே வருஷங்களில், பல மேடைகளில் பின்வரிசை காலியாகிக்கொண்டு வருகிறது. தம்புராவுக்குப் பதிலாகப் பாடகரின் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, அதுவும் இல்லையென்றால் போனில் ஒரு ஆப். தனியாக ஒருவரை அழைத்துவர வேண்டாம், போக்குவரத்துச் செலவு இல்லை, சுருதியும் கலையாது. காரணங்கள் எல்லாம் சரிதான். மியூசிக் அகாடமி போன்ற பெரிய மேடைகளில் தம்புரா இன்றும் உண்டு. சின்ன சபாக்களில்தான் அந்த இடத்தில் இப்போது எல்.இ.டி. திரை, அதில் விளம்பரதாரர்களின் பெயர்ப்பலகை, பாடகரின் முகத்தைவிடப் பிரகாசமாக. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் திரை வெளுத்துப்போகிறது, திரைக்கு வைத்தால் முகம் இருண்டுபோகிறது. போதாததற்குக் கத்திரிப்பூ நிறத்தில் பக்க விளக்குகள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் விளக்கின் துடிப்பு படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. 2023லிருந்து இரைச்சலை நீக்கும் ஏ.ஐ. வசதி லைட்ரூம் மென்பொருளிலேயே வந்துவிட்டது. பெரிதாக இருக்கும் முகத்துக்கு அது அழகாக வேலை செய்கிறது. பின்னால் சின்னதாக, மங்கலாக இருக்கும் முகத்தில், இல்லாத இமை முடியை வரைந்து, இருக்கும் சுருக்கத்தைத் துடைத்துவிடுகிறது. இத்தனை காலம் கழித்து ஒருவரைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, அவருக்கு வேறொருவர் முகத்தைக் கொடுப்பதா? தம்புராக்காரரின் முகத்தில் இரைச்சல் இருக்கட்டும். அதில் நான் கை வைப்பதில்லை.

ஷட்டர் சத்தம் போனதோடு கார்வைக்குக் காத்திருக்கும் பழக்கமும் போய்விட்டது. விநாடிக்குப் பத்து, இருபது என்று எடுத்துத் தள்ளுகிறார்கள். பாதி திறந்த வாயும் சொல்லுக்கு நடுவில் கோணிய உதடுமாக ஆயிரக்கணக்கில் குவிகின்றன. 1/250 கையில் இருந்தாலும் நான் மேல் ஷட்ஜத்துக்குத்தான் காத்திருக்கிறேன். பாடகர் அந்த இடத்தில்தான் தன்னை மறந்து நிற்கிறார். மீட்டர் எதைக் காட்டினாலும் அது மாறவில்லை.

வரும் மார்கழி சீசனுக்குக் கேமராவோடு போகிறவர்களிடம் இவ்வளவு கேட்கிறேன். எல்.இ.டி. மேடையில் ஷட்டரை 1/100ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் பட்டை விழாது. மெக்கானிக்கல் ஷட்டர் என்றால் கைதட்டலுக்குள் எடுத்துவிடுங்கள். உபபக்கவாத்தியத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். தம்புரா மீட்டுகிறவர் கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒரு படமாவது எடுங்கள். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவர் பெயரைக் கேளுங்கள், சபா நோட்டீஸில் அது அநேகமாக இருக்காது. படத்துக்குக் கீழே பாடகர் பெயரைப் போடும் அதே எழுத்தளவில் அவர் பெயரையும் போடுங்கள். வாட்ஸ்அப் எண் வாங்கி அன்றிரவே அனுப்பிவிடுங்கள். சபாக் காரியதரிசிகள் அடுத்த வருஷ நோட்டீஸில் வயலின், மிருதங்கம், கடத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால், எங்களுக்கு அந்தக் கேள்வி கேட்கும் வேலையும் மிச்சம்.