வண்டி வாரியம்: பழைய அம்பாசிடரைப் பழுதுபார்க்க நண்பரை நியமிப்பது குறித்து உத்திரமேரூர்க் கல்வெட்டு வழியே ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைப் பற்றி வரலாற்றாசிரியர்களும் அரசியல்வாதிகளும் போட்டித் தேர்வு எழுதுவோரும் பேசி முடித்துவிட்டார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் பேசினார். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, குடத்திலிருந்து ஓலை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அறியாத பள்ளிக்கூடப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. இத்தனை பேர் பேசியும் இந்தக் கல்வெட்டுகளின் நடைமுறைப் பயன் ஒன்று ஆராயப்படாமலே கிடக்கிறது. ஓடி ஓய்ந்த ஒரு காரைப் பழுதுபார்க்கும்போது உதவிக்கு எந்த நண்பரை அழைக்கலாம், எவரை அழைக்கக் கூடாது, அழைத்தவரை எப்போது விடுவிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான விடை ஏறத்தாழ முழுமையாக அந்தச் சுவரிலேயே இருக்கிறது. நண்பர் செய்வது உதவி என்றும், ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் அதற்கு ஈடு என்றும் ஊரில் நம்புகிறார்கள். இக்கட்டுரையின் கோட்பாடு வேறு. அது உதவி அன்று, பதவி. பதவி என்றால் தகுதி, தகுதியின்மை, பதவிக்காலம், கணக்கு ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும்.

ஆய்வுப் பொருளாக அம்பாசிடரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டம் கார்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலை இருக்கிறது. அதற்கும் முன்னால், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. ஆனால் இந்தப் புதிய கார்கள் நமக்குப் பயன்படா. பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் இன்னொரு மூடி. கோளாறு என்னவென்று மனிதரிடம் சொல்லாது, ஸ்கேனரிடம்தான் சொல்லும். நண்பருக்கு அங்கே நிற்கவே இடமில்லை. அம்பாசிடர் அப்படியல்ல. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அச்செடுத்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதம்வரை பெரிய மாற்றமில்லாமல் வந்த வண்டி. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றித் தரை தெரியும். இரண்டு பேர் தலையை உள்ளே விட்டு வாக்குவாதம் செய்யப் போதுமான இடவசதி அதில் உண்டு. சமூகவியல் ஆய்வுக்கு இதைவிடத் தகுந்த களம் கிடைப்பது அரிது.

இனிச் சான்றுகள். பழைய வண்டியைப் பழுதுபார்க்க இரண்டு பேர் தேவை என்பது நட்பின் பெருமையைப் பாடுவதற்காகச் சொல்லப்படுவதன்று. அது நீரியல் விதி. பிரேக் பெடல் கெட்டியாக நிற்காமல் அடிவரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். பெடலில் கொடுக்கும் அழுத்தத்தைக் காற்றுக் குமிழி விழுங்கிவிடுவதால் சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. எனவே 'ஏர் எடுக்க' வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும்; நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் அது இடது பின் சக்கரம். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலைச் சிலமுறை அமுக்கி, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து நிப்பிளைச் சற்றே திறந்து, ஆயிலும் குமிழியும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடியதற்கு அப்புறம்தான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதுவரை செய்தது வீண். அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 97 அங்குலம். இறைவன் மனிதனுக்குக் கொடுத்த கையும் காலும் ஒரே நேரத்தில் அந்த இரு முனைகளையும் எட்டா. நண்பர் என்ற நிறுவனம் தோன்றியது இந்த இடைவெளியில்தான்.

இந்த வேலையில் நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அமுக்கு, பிடி, விடு என்ற மூன்று கட்டளைகள் மட்டுமே. நான்காவதாக ஒன்று தெரிந்திருந்தால் அவர் யோசனை சொல்லத் தொடங்குவார். டேப்பெட் சரிசெய்வதும் இதையே நிறுவுகிறது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு கொண்ட அந்த எஞ்சினில் ஒன்பதின் விதி என்று ஒன்று உண்டு. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வின் இடைவெளியை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஒருவர் கியரை நியூட்ரலில் வைத்து முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற, மற்றவர் வால்வைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்லி ஃபீலர் கேஜை நுழைக்கிறார். ஹேண்டில் சுற்றுபவருக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. சொன்ன இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். ஆக, தேவைப்படுவது அறிவைவிட ஒழுக்கம். இங்கேதான் நாம் கல்வெட்டுக்குள் நுழைகிறோம்.

அதற்கு முன் இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். இக்காலத்தில் ஒற்றை ஆளே ஏர் எடுக்க ஒருவழி வால்வு பொருத்திய ரப்பர் குழாய் கிடைக்கிறதே, நண்பர் எதற்கு என்பார் சிலர். கிடைக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் 'பெடல் இப்போ கெட்டியாயிடுச்சு' என்று அந்தக் குழாய் உள்ளிருந்து குரல் கொடுப்பதில்லை. எழுந்து, கையைத் துடைத்து, கதவைச் சுற்றிப் போய் நாமே அமுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது மறுப்பு: ஊரில் மெக்கானிக் இல்லையா? இருக்கிறார். ஆனால் எந்த மெக்கானிக் கடையிலாவது ஒற்றை ஆள் வேலை செய்து யாரேனும் பார்த்ததுண்டா? ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, பெடல் அமுக்க, தேவைப்பட்டால் திட்டு வாங்க ஓர் உதவியாளர் அங்கே எப்போதும் இருக்கிறார். மெக்கானிக்கைச் சுட்டுவோர் நம் கோட்பாட்டைச் சம்பளத்தோடு சேர்த்து உறுதிசெய்கிறார்கள், அவ்வளவே. வாரியப் பதவி ஊதியமில்லாதது, நண்பருடையதும் அப்படியே.

கல்வெட்டு கேட்கும் தகுதிகளைப் பார்ப்போம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். நிலத்தைவிட மனையே நமக்கு முக்கியம். பானெட் திறந்த நிலையில் ஓர் அம்பாசிடர் எத்தனை வாரம் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாடகை வீட்டு வாசலில் நின்றால் வீட்டுக்காரரும், தெருவில் நின்றால் ஊரும் கேள்வி கேட்கும். சொந்த மனையில் ஒரு புங்க மரமும் அதன் நிழலும் உள்ள நண்பரே தகுதியானவர். அடுத்து வயது. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 30 முதல் 60 என்றது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று சபை திருத்தியது. இந்தத் திருத்தத்தின் காரணத்தை அறிஞர்கள் பலவாறு ஊகிக்கலாம். வண்டியோடு பழகியோருக்கு ஐயமே இல்லை. 35-க்குக் கீழே உள்ளவர் ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருக்க மாட்டார், சூட்டோடு மூடியைத் திறப்பார். 70-க்கு மேற்பட்டவர் வண்டிக்கு அடியில் போய்விட்டால் அவரை வெளியே எடுக்க மூன்றாம் நண்பர் ஒருவர் தேவைப்படுவார். நல்வழியில் ஈட்டிய பொருள், தூய மனம், காரியத்தில் திறமை ஆகியவற்றையும் கல்வெட்டு கேட்கிறது. மதகு கட்டத் தெரியுமா என்று ஏரி வாரியத்தின் ஆறு பேரிடம் தனியாகக் கேட்டதாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

தகுதியின்மைப் பகுதி இன்னும் வளமானது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் வாரியத்துக்கு ஆகார். கடன் வாங்கிய ஜாக்கியைத் திருப்பித் தராதவர்கள் இதில் அடங்குவார்கள் என்று கொள்வதில் தடையில்லை. துணிச்சல்காரரையும் சபை விலக்கியது. இது முதல் பார்வைக்கு வியப்பளிக்கும். பொதுவாழ்வில் துணிவு நற்குணம் அல்லவா? ஆனால் துருப்பிடித்த நட்டு ஒன்று அசையாதபோது, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காலைவரை பொறுப்போம் என்பவரும் இருக்கிறார், சுத்தியலைக் கொடு என்பவரும் இருக்கிறார். பின்னவர் கையில் போல்ட் பாதியில் முறியும். முறிந்த பாதியை எடுக்க லேத்துக்குப் போக வேண்டும், அதற்குக் காஞ்சிபுரத்துக்கு வண்டி வேண்டும், வண்டியோ ஜாக்கியின் மேல். கழுதை ஏறினவர்களையும் பொய்யாவணம் எழுதியவர்களையும் கூடக் கல்வெட்டு விலக்குகிறது. கழுதை விதி காருக்குப் பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது. தள்ளிக்கொண்டு போகும் நாட்களில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு.

எல்லாவற்றிலும் கடுமையானது கணக்கு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பெயர் கொடுக்க முடியாது. அவர் மட்டுமல்ல, தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று உறவுமுறையெல்லாம் விலக்கப்படுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு கையில் இரண்டு ஸ்குரூ மிச்சமிருந்தால், அவற்றை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர் நண்பர். 'இது இல்லாமலும் ஓடுதே' என்பது கணக்கு அன்று. நடைமுறையில் இந்த விதிக்கு ஓர் இடர் உண்டு. ஊரில் நண்பர்கள் அனைவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றோ மாப்ளே என்றோதான் விளிக்கிறார்கள். அதை உறவாக ஏற்றுக்கொண்டால் ஒருவர் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தொலைத்த அன்றே தெரு முழுவதும் தகுதியிழக்கும். ஆகவே விளியை உறவாகக் கருத வேண்டாம் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறையிலும் நமக்குப் பாடம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும் என்கிறது கல்வெட்டு. மோசடியைத் தடுக்க எழுதப்பட்ட விதி என்று பாடநூல்கள் விளக்கும். சரிதான். ஆனால் கழற்றிய நட்டைக் கீழே படுத்திருப்பவரிடமிருந்து வாங்குவதற்கு இதைவிடத் தெளிவான செய்முறைக் குறிப்பை எந்த சர்வீஸ் கையேட்டிலும் காண முடியாது. விரலிடுக்கில் வாங்கிய நட்டு எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையில் விழும், தரையை வந்தடையாது. இது இயற்பியலுக்குப் புறம்பானது, ஆனாலும் நடக்கிறது.

இவ்வளவும் எதற்கு, பழைய வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமே என்பவர்களுக்குச் சட்டத்தைச் சுட்டினால் போதும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் விதித்ததுபோல் வயதை மட்டும் பார்த்து வண்டியை ஒதுக்கும் தடை இங்கே இல்லை. உதிரிப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. அங்கேயும் இருவராகத்தான் போக வேண்டும்: பழைய பாகத்தை மாதிரிக்கு ஏந்தி நிற்க ஒருவர், விலை கேட்டு 'வேண்டாம், வா போகலாம்' என்று கையைப் பிடித்து இழுக்க ஒருவர். வலுவான மறுப்பு வேறொன்று. அந்தச் சபை பிராமணர்களின் சபை; வேதம் கற்றவர்க்கும் நிலமுடையவர்க்கும் மட்டும் திறந்திருந்தது; பெண்களுக்கும் ஊரின் பெரும்பகுதி உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. உண்மை. குடியாட்சியின் பிறப்பிடம் என்று மேடையில் முழங்குவோர் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நம் வாரியத்தில் குலமும் பாலும் கேட்கப்படா. பெடலைப் பிடித்திருக்கும் கால் யாருடையது என்று நிப்பிளுக்குத் தெரியாது.

கடைசியாகப் பதவிக்காலம். வாரியத்தார் 360 நாள் பதவி வகிப்பர். ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டுக்கு மீண்டும் வர முடியாது. அதிகாரம் ஒரே கையில் தங்காதிருக்க இது நல்ல ஏற்பாடு. வண்டி வாரியத்தில் இந்தப் பதவிக்கால விதி மட்டும் பொருந்தாது என்பதே என் முடிவு. டாஷ்போர்டுக்குப் பின்னால் எந்த ஒயரை எந்த ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினோம், ஹார்ன் அடித்தால் வைப்பர் ஏன் அசைகிறது என்பவை எந்தக் கையேட்டிலும் இல்லை; முறுக்கியவரின் நினைவில் மட்டுமே உண்டு. அவருக்கு மூன்றாண்டு ஓய்வு கொடுத்தால் வண்டிக்கும் கொடுக்க வேண்டியதுதான். அனுபவத்தின் மதிப்பைச் சபையும் அறிந்தே இருந்தது: ஆண்டு வாரியத்தின் 12 பேரை, ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்த, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களிலிருந்தே எடுத்தது. விதியைத் திருத்தலாமா என்ற தயக்கமும் வேண்டாம். 919-இல் கல்லில் வெட்டிய விதியை 921-இல் அவர்களே திருத்தியிருக்கிறார்கள். ஆகவே மற்ற விதிகள் அனைத்தும் அப்படியே செல்லும். 360 நாள் வரம்பும் மூன்றாண்டு விலக்கும் மட்டும் நீக்கப்படுகின்றன. ஒருமுறை நியமிக்கப்பட்ட நண்பர், வண்டியின் பதிவு இருக்கும்வரை பதவியில் நீடிப்பார்.