ஒயின் வித்வான்

குடிக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குடிப்பதற்கு முன்பு கால் மணி நேரம் வியாக்கியானம் செய்யத் தெரிந்தவர்களைக் காண வேண்டுமானால் லண்டனில் சற்று வசதியுள்ள குடும்பத்தின் இரவு விருந்து ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருந்தால் அவர்களில் ஒருவராவது ஒயின் வித்வானாக இருப்பார். உத்தியோகத்தில் அவர் வக்கீலாகவோ பல் வைத்தியராகவோ இருக்கலாம்; ஆனால் கோடைதோறும் பிரான்ஸ் தேசத்துப் போர்தோவுக்கோ பர்கண்டிக்கோ யாத்திரை போய் வருகிறவராதலால், சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது ஒருநாளும் காணாத நிச்சயம், திராட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவருடைய குரலில் தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவது அவருடைய சாஸ்திரப்படி அபசாரம். கைச்சூடு பட்டுவிடாதபடி அதன் தண்டை மட்டும் இரு விரல்களால் பற்றி, மேஜை விரிப்பின் வெண்மைக்கு நேராகச் சாய்த்து, விளிம்பின் நிறத்தை முதலில் பரிசோதிப்பார். சிவப்பு ஒயின் வயதேற ஏற ஊதா நீங்கிச் செங்கல் நிறத்துக்கு வெளுக்கும் என்றும், வெள்ளை ஒயினோ அதற்கு நேர்மாறாகப் பொன்னிறம் ஏறிக் கறுக்கும் என்றும் அவர் சொல்வதில் பிழை ஏதும் இல்லை. பிறகு கோப்பையைச் சுழற்றி நிறுத்துவார். கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய தாரைகள் வழிந்து இறங்கும். "என்ன கம்பீரமான கால்கள், பார்த்தீர்களா!" என்று பரவசப்படுவார். ஒயினில் உள்ள ஆல்கஹால் நீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் உண்டாகும் விளைவுதான் அது என்பதையும், மலிவுச் சரக்கும் ஆல்கஹால் மிகுந்திருந்தால் அதே கால்களைக் காட்டும் என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லப் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தைரியம் வராது.

இதன் பின், மூக்கைக் கோப்பைக்குள் முக்கால் பாகம் நுழைத்துக் கண்களை மூடுவார். ஒரு வாய் உறிஞ்சி, உதடுகளைக் குவித்துக் காற்றையும் உள்ளே இழுத்து, அவர் வீட்டுப் பேரன் செய்தால் முதுகில் ஒன்று விழக்கூடிய ஓசையைச் சபையறிய எழுப்புவார். அப்புறந்தான் தீர்ப்பு வரும்: "உயர்ந்த குலம், நேர்மையான சுபாவம், கொஞ்சம் சங்கோஜம் இருக்கிறது, பத்து வருஷம் பொறுத்தால் மனம் விட்டுப் பேசும்." மாப்பிள்ளைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தரும் குடும்ப நண்பரைப் போல, குலம் கோத்திரம் குணம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, ருசி எப்படி என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

இந்தக் குல விசாரணைக்கு ஆதாரமான பட்டயம் 1855-ல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்காக எழுதப்பட்டது. அவ்வாண்டு போர்தோவின் தரகர்கள் மெடாக் பிரதேசத்துச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாக வகுத்தபோது, அவர்கள் முக்கியமாகக் கணக்கில் கொண்டது எந்தப் பண்ணையின் சரக்கு சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான். மூட்டோன் ராத்சைல்ட் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏறுவதற்கு 1973 வரை காத்திருக்க நேர்ந்தது. வேறெந்தப் பண்ணைக்கும் அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. 1976-ல் பாரிஸிலேயே, பெயர்ச்சீட்டு தெரியாதபடி ஊற்றிக் கொடுக்கப்பட்ட ஒயின்களுக்குப் பிரெஞ்சு நிபுணர்கள் மதிப்பெண் போட்டபோது, வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று. ஒரு நடுவர் கலிஃபோர்னியச் சரக்கைச் சுவைத்துப் பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்ததும், வேறொருவர் பர்கண்டியின் உயர்ந்த வெள்ளை ஒயினைக் கலிஃபோர்னியா என்று ஒதுக்கியதும் அந்த வருஷமே அச்சேறிவிட்டன. வித்வானிடம் இதைப் பிரஸ்தாபித்தால், பிரெஞ்சு ஒயின் அப்போது பக்குவப்படவில்லை என்பார். முப்பது வருஷம் பக்குவப்படுத்தி 2006-ல் அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் சுவைத்தார்கள். அப்போதும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே.

குலத்தை விட்டுப் பழவாசத்துக்கு வந்தாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. போர்தோ சர்வகலாசாலையில் ஒயின் சாஸ்திரம் பயிலும் மாணவர்கள் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, வெள்ளையாக இருந்தபோது வெளிர்நிறக் கனிகளின் வாசம் கண்டவர்கள், சாயம் ஏறியதும் சிவப்புக் கனிகளின் பெயர்களுக்குத் தாவிவிட்டார்கள். அதாவது கண் முன்னே நடக்க, மூக்கு பின்னே போயிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு வித்வானை வெறும் வேஷதாரி என்று தள்ளிவிடலாம் என்று நினைக்கும்போதுதான், அவர் ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில் விளைந்த ரீஸ்லிங் திராட்சையின் பழைய வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு, "அடடா, மண்ணெண்ணெய்!" என்பார். விருந்து வைத்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, வேறு பாட்டில் திறக்கச் சொல்லட்டுமா?" என்பாள். "வேண்டாம், வேண்டாம்! இதைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்!" என்று அவர் கோப்பையை மார்போடு அணைத்துக்கொள்வார். ரீஸ்லிங் பாட்டிலில் முதிரும்போது அந்த வாசத்துக்குரிய இரசாயனப் பொருள் மெய்யாகவே அதில் உண்டாகிறது. ஷார்டனே என்ற வெள்ளை ஒயினில் அவர் காணும் வெண்ணெய், பாக்டீரியாவின் உபயத்தால் அதில் தோன்றும் டைஅசிட்டில் என்ற பொருள். நிஜ வெண்ணெயின் மணமும் அதனால்தான். வனிலா வாசம் ஓக் மரப்பீப்பாயிலிருந்து இறங்குகிறது. சோவின்யோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயினில் பூனை மூத்திரம் என்று அவர் கூசாமல் சொல்வதற்கும் கந்தகம் கலந்த ஒரு பொருள் சாட்சி நிற்கிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் என்ற அம்மையார், 1980-களில் ஒயின் வாசங்களைச் சக்கரமாக வரைந்தபோது, குலத்துக்கும் கம்பீரத்துக்கும் அதில் இடம் தராமல், மண்ணெண்ணெயையும் நனைந்த அட்டையையும் ஈர நாயையும் மரியாதையோடு உட்கார்த்தி வைத்தார். பெயர்ச்சீட்டைப் பார்த்துக் குலத்தைச் சொல்லிவிடலாம், நிறத்தைப் பார்த்துப் பழத்தைச் சொல்லிவிடலாம்; மண்ணெண்ணெயைச் சொல்லச் சொந்த மூக்கைத் தவிர வேறு துணை இல்லை. ஆகையால், வித்வான் வம்சாவளியை ஆரம்பித்தால் தட்டில் இருக்கும் ஆட்டிறைச்சியை ஆறுவதற்குள் கவனிக்கலாம். கேட்கவே அருவருப்பான ஒரு பொருளின் பெயரை அவர் ஆனந்தத்தோடு உச்சரித்தாரானால், யாரும் முந்துவதற்குள் கோப்பையை நீட்டிவிட வேண்டும்.