மட்கார்டு மாற்ற மெக்கானிக் வேண்டுமா?

கேள்வி: என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டு விரிசல் விட்டுவிட்டது. வீட்டில் நானே மாற்றிவிட முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். பொறுமை இருந்தாலே நீங்கள் பாதி மெக்கானிக். மீதிப் பாதிக்கு 8, 10 எம்.எம். ஸ்பேனர்களும் ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரும் பெரும்பாலும் போதும்.

உதிரிபாகக் கடையில் வண்டியின் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஆண்டு துளைகள் இடம் மாறலாம்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். பிரேக் கேபிள் எந்தக் கிளிப் வழியாகப் போகிறது என்பதை நினைவைவிடப் படம் நன்றாகச் சொல்லும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள்.

பழைய மட்கார்டின் துளையில் சின்ன இரும்புப் புஷ் இருந்தால், அதைப் புதியதில் மறக்காமல் போடுங்கள். பிளாஸ்டிக் நசுங்காமல் காப்பது அதுதான். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். கூடுதல் பலம் காட்டினால் அடுத்த விரிசல் அங்கேதான்!

ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். எதுவும் உரசக்கூடாது, கேபிள் இழுபடக்கூடாது. சக்கரத்தையோ டிஸ்க் பிரேக்கையோ கழற்ற வேண்டிய வண்டி என்றால் மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் தெருவில் இறங்காதீர்கள்.