இதோ, இப்ப வரும்

“ஏஐ பாட்டா மாமா இது?”

கேட்டவன் அக்கா மகன். கேட்ட நேரம், டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தில் ‘லவ் பைட்ஸ்’ ஓடிக்கொண்டிருந்த நேரம். அதிலும் கோரஸ் வருவதற்கு ஒரு மூச்சு முன்னால். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிண்டலாகக் கேட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பையனுக்கு உண்மையாகவே சந்தேகம். “இவ்ளோ க்ளீனா இருக்கே மாமா. எல்லாக் குரலும் கண்ணாடி மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்” என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கோரஸ் வந்துவிட்டது. கோரஸ் வரும்போது நான் பேசுவதில்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்க்கிற நேரம் அது. அவன் முகம் செல்போனுக்குள் இருந்தது.

இந்த முகம் பார்க்கிற வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு வேறாக இருக்கலாம், ஆனால் நீங்களும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலைத் தூக்கி “இதோ, இப்ப வரும் பாருங்க” என்று சொல்லியிருப்பீர்கள். சொன்ன பிறகுதான் தெரியும், வர வேண்டியது வர இன்னும் இரண்டு வரி பாக்கி என்று. தூக்கிய விரலை இறக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. விருந்தாளி விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் “எப்படி?” என்போம். “ம், நல்லாருக்கு. பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்பார்.

மெலடிக் ஹார்ட் ராக் கேட்கிறவனுக்கு இந்த அவமானம் இரட்டைப் பங்கு. கர்ணகடூரமான மெட்டல் கேட்கிற நண்பர்கள் “இதெல்லாம் ராக்கா? கிட்டார் பிடித்த பாப்” என்பார்கள். மெல்லிசை கேட்கிற நண்பர்கள் “ஏன் சார் இப்படிக் கத்துறாங்க?” என்பார்கள். அந்த இசையை உண்டாக்கியவர்களே கூட முழு மனதாக அதில் இருந்ததில்லை. ஸ்வீடனின் யூரோப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் ‘தி ஃபைனல் கவுண்ட்டவுன்’ ஊர் ஊராக முதலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கீபோர்டு சத்தத்தில் என் கிட்டார் மூழ்கிப்போயிற்று என்று சொல்லி அவர்களுடைய கிட்டார்காரர் ஜான் நோரம் அந்த வருஷமே குழுவை விட்டு வெளியேறிவிட்டார். உலகமே கொட்டு அடிக்கிற நேரத்தில், அந்தக் கொட்டு பிடிக்கவில்லை என்று எழுந்து போன மனிதர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தக் கீபோர்டு வரும்போது விரலைத் தூக்கத்தான் செய்கிறேன்.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்தைச் சொல்ல. ‘ஹிஸ்டீரியா’வில் 12 பாட்டுகள், மொத்தம் 62 நிமிஷத்துக்கு மேல். அந்த 12-இல் 7 பாட்டுகள் தனி சிங்கிளாக வெளிவந்தன. அந்த ஏழைப் பற்றி எழுத உலகத்தில் ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது 12-வது பாட்டை, ‘லவ் அண்ட் அஃபெக்ஷன்’ என்ற அந்தக் கடைசிப் பாட்டை. அந்த ஆல்பத்திலேயே சிறந்தது அதுதான் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறேன், காரணமும் வைத்திருக்கிறேன். 62 நிமிஷம் யாரும் என் வீட்டில் உட்காராததால் அந்தக் காரணத்தை இதுவரை யாரிடமும் சொல்ல வாய்க்கவில்லை. இங்கே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அதற்கு முன்னால் அந்த ஏஐ விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

ராபர்ட் ஜான் ‘மட்’ லாங்கே என்று ஒரு தயாரிப்பாளர். பேட்டி கொடுக்க மாட்டார், படத்துக்கு நிற்க மாட்டார். ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ அவர் தயாரித்தது, ஃபாரினரின் ‘4’ அவர் தயாரித்தது. ‘ஹிஸ்டீரியா’வுக்கு அவர் போட்டுக்கொண்ட இலக்கு எளிமையானது: மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ மாதிரி, எந்தப் பாட்டை எடுத்தாலும் சிங்கிளாக விடலாம் என்கிற ஹார்ட் ராக் ஆல்பம். 1984-இல் ஆரம்பித்தார்கள். 1987 ஆகஸ்ட்டில் வெளியிட்டார்கள். நடுவில் லாங்கே களைத்துப்போய் விலகினார், ஜிம் ஸ்டைன்மன் என்று இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள், அவரையும் அனுப்பிவிட்டார்கள், கடைசியில் லாங்கேயே திரும்பி வந்தார். பாடகர் ஜோ எலியட்டுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. லாங்கேவுக்கே ஒரு கார் விபத்தில் காலில் அடிபட்டது.

வேலை எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம். கிட்டாரில் கார்ட் என்றால் நாலைந்து கம்பிகளைச் சேர்த்து ஒரே மீட்டு. சின்னப் பையன்கூட இரண்டாவது வாரத்தில் வாசித்துவிடுவான். லாங்கே அதைக் கம்பி கம்பியாகப் பிரித்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வாசிக்கவைத்துப் பதிவு செய்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தார். சேர்த்து அடித்தால் ஒரு கம்பி கொஞ்சம் முந்தும், ஒன்று பிசிறும். தனித்தனியாக அடித்தால் பிசிறு இருக்காது. ஸ்டீவ் கிளார்க்கும் ஃபில் காலினும் உலகத்தரமான கிட்டார்காரர்கள். அவர்களை உட்காரவைத்து, “இப்போது இந்த ஒரு கம்பி மட்டும்.”

லாங்கேயிடம் ஒரு கல்யாணத்தை ஒப்படைத்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு, தூக்கம் வராத நாட்களில். முதல் வேலையாக மண்டபத்திலிருந்து சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவார். பந்தியில் முதலில் உப்பு மட்டும் பரிமாறப்படும். எல்லா இலையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் உப்பு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். ஓர் இலையில் அரை விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் எல்லா இலையும் குப்பைக்கு, எல்லோரும் எழுந்து கை கழுவிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். சாம்பாருக்குப் பருப்பு ஒரு நாள், புளி ஒரு நாள், பெருங்காயத்துக்கு மட்டும் ஒரு மாதம். அட்சதை போடுவது அரிசி அரிசியாக. பெரியவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஓர் அரிசி போட வேண்டும். “பெரியப்பா, உங்க அரிசி லேட்டு. இன்னொரு தடவை.” பெரியப்பா மறுபடி போடுவார். “இப்ப சீக்கிரமா விழுந்துடுச்சு.” பெரியப்பாவுக்குக் கோபம் வரும். கோபம் அரிசியில் தெரிகிறது என்பார் லாங்கே.

வாழ்த்துவதற்கு வந்திருப்பவர்கள் அஞ்சே பேர். அந்த அஞ்சு பேரையே மண்டபத்தின் வெவ்வேறு மூலையில் நிற்கவைத்து “நல்லா இருங்க” என்று சொல்லவைத்து, மறுபடி சொல்லவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார். வீடியோவில் கேட்டால் ஊரே திரண்டு வாழ்த்துவது மாதிரி இருக்கும். டெஃப் லெப்பர்டின் பின்பாட்டு அப்படித்தான் உண்டானது. மாலை மாற்றுவதில் மாப்பிள்ளையின் பங்கு மார்ச்சில் பதிவாகும், பெண்ணின் பங்கு ஆகஸ்டில். இருவரும் சந்திக்க வேண்டிய அவசியமில்லை. தாலிக்கு மூன்று முடிச்சு: டப்ளினில் ஒன்று, ஹாலந்தில் ஹில்வர்சமில் ஒன்று, பாரிசில் ஒன்று. அந்த ஆல்பம் பதிவான ஊர்கள் அவை, நான் இட்டுக்கட்டவில்லை. சாஸ்திரிகளுக்கு மூன்றாவது வருஷம் தொண்டை கட்டும். அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிடுவார்கள். அவரும் சரிவராமல் பழையவரே வருவார். கேட்டரிங் கணக்கு பெண் வீட்டாரின் கனவில் வரும். எல்லாம் முடிந்து, விருந்தினர் ஊருக்குப் போய், மண்டபத்தை அடுத்த கட்சிக்கு விட்டு, முதல் குழந்தைக்குக் காதுகுத்தும் நடந்த பிறகு லாங்கே கையைத் தட்டுவார்: “சரி, இப்போது கெட்டிமேளம்.”

சிரிக்காதீர்கள். எந்த ராக் குழுவானாலும் முதலில் டிரம்ஸைப் பதிவு செய்து, அதன்மேல்தான் மற்றதை அடுக்கும். ‘ஹிஸ்டீரியா’வில் டிரம்ஸ் கடைசி. பாட்டு முழுக்க முடிந்து எந்த இடத்தில் எந்த அடி வேண்டும் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தார்கள்.

இங்கே நான் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. குழு வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை செய்த வேலையை இடது கால் செய்கிற மாதிரி மின்னணு டிரம்ஸ் ஒன்றை அமைத்து, பெடல்களை மிதித்து வாசிக்க ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் திடலில் அத்தனை பெரிய கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். இன்றுவரை அவர்தான் வாசிக்கிறார்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். ரொம்ப உருக்கமாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, “செம மாமா. அப்ப ஆல்பத்துல வர்ற டிரம்ஸும் அவர் காலால வாசிச்சதா?” என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். போனைப் பார்த்துக்கொண்டே சரியான கேள்வியைக் கேட்பார்கள். ஆல்பத்தில் கேட்கிற டிரம்ஸ், பதிவு செய்து வைத்த ஒலிகளை ஃபேர்லைட் என்கிற கருவியில் ஏற்றி அடுக்கியது. ஃபேர்லைட் ஒரு கம்ப்யூட்டர். அந்த வார்த்தையை அவன் முன்னால் உச்சரிக்க நான் தயாராக இல்லை. “அதுக்குன்னு ஒரு முறை இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டினேன்.

ஆனால் பாருங்கள், மூன்று வருஷம் ஒவ்வொரு கம்பியாக மீட்டி, மனிதன் வாசித்த அடையாளமே தெரியாமல் ஆக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டது, பின்னால் ஒருவன் வந்து ‘மனுஷன் பண்ணினதா?’ என்று கேட்பதற்கா? இன்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் பாட்டு வருகிறது. அதில் பிசிறு வேண்டும் என்று கேட்டால் பிசிறும் போட்டுத் தருகிறதாம். எனக்கு இதில் தத்துவம் எதுவும் இல்லை. எரிச்சல் மட்டும்தான்.

அந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. பாஸ்டன் குழுவின் டாம் ஷால்ஸ் எம்ஐடியில் படித்த மெக்கானிக்கல் என்ஜினியர், போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். ராத்திரிகளில் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தனியாளாக ஒன்றின்மேல் ஒன்றாக கிட்டார் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். ரெக்கார்டு கம்பெனி, ‘நிலவறையெல்லாம் ஆகாது, முறையான ஸ்டூடியோவுக்கு வா’ என்றது. என்ன செய்தார்கள் தெரியுமா? குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பி அங்கே வேலை நடப்பதுபோல் காட்டிவிட்டு, ஷால்ஸ் மட்டும் மாசசூசெட்ஸில் அதே நிலவறையில் ஆல்பத்தின் பெரும்பகுதியை முடித்துவிட்டார். 1976-இல் வந்த அந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் 1 கோடி 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சத்தம் அவ்வளவு வழவழப்பாக இருந்ததால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று, சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று குழுவின் ஆல்பம் உறையிலேயே அச்சடிக்கவேண்டியிருந்தது. இரண்டாவது ஆல்பம் 1978-இல் வந்தது. மூன்றாவது 1986-இல். நடுவில் கம்பெனி கேஸ் போட்டது. ஷால்ஸ் அசரவில்லை. அந்த இடைவெளியில் ராக்மன் என்று உள்ளங்கை அளவில் ஒரு கிட்டார் கருவியைக் கண்டுபிடித்து விற்றார். ‘ஹிஸ்டீரியா’வின் கிட்டார்கள் பதிவானது அந்த ராக்மன் வழியாகத்தான். இருக்கிற பொறுமைசாலிகளில் முதல்வர் செய்த பெட்டியை இரண்டாமவர் வாங்கியிருக்கிறார். இந்த இடத்தைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். அக்கா மகன் அந்த நேரம் சமையலறையில் முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

மற்ற ஆல்பங்களைப் பற்றியும் எழுதலாம்தான். ஜர்னியின் ‘எஸ்கேப்’, 1981, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே அதைப் பற்றிப் பேச அலுப்பாக இருக்கிறது. பான் ஜோவியின் ‘ஸ்லிப்பரி வென் வெட்’ 1986-இல் வந்தது. ‘லிவின் ஆன் எ ப்ரேயர்’ கடைசிக் கோரஸில் சுருதியை ஏற்றுகிறார்களே, அதைக் கூடவே பாட முயன்று தொண்டை கிழிந்தவர்களுக்கு என்று ஒரு சங்கம் தொடங்கினால் நான் பொருளாளராக இருக்கச் சம்மதிக்கிறேன். 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. முடி வெட்டாத, சுருதியை ஏற்றாத, சட்டைக்குப் பொத்தான் போடாத மூன்று பேர். அவ்வளவுதான், கடை மூடியாயிற்று. நல்ல ஆல்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன், வேறு யாராவது பக்கத்தில் இருக்கும்போது.

‘லவ் அண்ட் அஃபெக்ஷன்’ விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்கவேண்டிய முறை என்று ஒன்று இருக்கிறது. முந்தைய 11 பாட்டுகளையும் தாண்டி, காது களைத்த நிலையில்தான் அதைக் கேட்க வேண்டும். தனியாக எடுத்துப் போட்டால் அது சாதாரணப் பாட்டு. அப்புறம் எந்தப் பதிப்பில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நான் முதலில் கேட்டது கேசட்டில். பிறகு குறுந்தகடு. பிறகு அதே குறுந்தகட்டை ரீமாஸ்டர் செய்தார்கள், அதையும் வாங்கினேன், சத்தம் மட்டும் கூடியிருந்தது. 2017-இல் 30-ஆம் ஆண்டுப் பதிப்பு என்று ஒரு கனமான பெட்டி வந்தது. அதே 12 பாட்டுகள், அவற்றின் நீண்ட வடிவங்கள், மேடையில் பாடியவை, மிச்சம் மீதி எல்லாம் சேர்த்துக் குறுந்தகடுகள் மட்டும் ஐந்து. கூடவே படங்கள், புத்தகங்கள். அந்தப் பெட்டி இப்போது என் அலமாரியில், பழைய வரிக் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் விலையை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை முதலில் படிப்பது நான் இல்லை.